ஆமை விளக்கு எரிந்த பின்னேரம்

ஹயர் சாரதிகள் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்து கேட்டார். நேர்மை, பொறுமை, வீதி ஒழுங்கு, இந்த மூன்றையும் பற்றி எழுதினால் புதிதாக ஸ்டாண்டுக்கு வந்திருக்கிற பொடியன்களுக்குப் பிரயோசனமாக இருக்கும் என்றார். மூன்றையும் சேர்த்துப் பிழிந்தாலும் என்னிடம் அரைப் பக்கத்துக்கு மேல் தேறாது. அது அவருக்கும் தெரியும். ஆகவே நீங்கள் ஸ்டாண்டில் நின்று வாய் ஓயாமல் கதைக்கிற விசயத்தையே எழுதுகிறேன். மின்சாரக் கார் எடுக்கலாமா, கூடாதா?

வாழைச்சேனை ஸ்டாண்டில் முதன்முதலாக மின்சாரக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். இப்போது கண்ணில் வெள்ளை விழுந்து ஓட்டத்தை விட்டுவிட்டேன். உங்களுக்கு விற்க என்னிடம் காரும் இல்லை, வாங்கச் சொல்லிவிட்டுப் பொக்கற்றில் போட கொமிசனும் இல்லை. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

என்னுடையது ஜப்பானில் ஓடிப் பழசான கார். அங்கே ஒரு ஆசிரியை பள்ளிக்கூடத்துக்குப் போய்வர மட்டும் பாவித்தது என்று விற்றவர் சொன்னார். நம் நாட்டுக்கு வருகிற எல்லாப் பழைய கார்களையும் ஜப்பானில் ஆசிரியைகள்தான் ஓடியிருக்கிறார்கள். அந்த நாட்டில் வேறு ஆட்கள் வாகனம் ஓடுவதே இல்லை போலிருக்கிறது. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பற்றரி பாதி கிழடு. இரவு முழுக்கக் கரண்ட் குடித்தாலும் மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் களைத்துப்போய் நிற்கும்.

ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் நிற்பது தவராசாவின் டீசல் வான். அவன் என் காருக்கு 'மிக்சி' என்று பெயர் வைத்தான். காலையில் நான் வந்து நிறுத்தியதும், "என்ன மயிலண்ணே, மிக்சியில சம்பல் அரைச்சாச்சா?" என்பான். ஓட்டோக்காரப் பொடியன்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மனதுக்குள் அவனுடைய வானின் புகையைக் கணக்குப் பார்ப்பேன்.

நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒயில் மாற்றுவது இல்லை, புகை இல்லை, கராச்சில் போய்க் குந்தியிருப்பது இல்லை. ஓட்டச் செலவு மற்றவர்களுடையதில் ஒரு துண்டு. ஆனால் வீட்டுக் கரண்ட் பில் வந்த அன்று என் மனைவி புவனம் என்னோடு பேசவில்லை. சத்தம் இல்லாததை எல்லோரும் பெரிய நன்மை என்பார்கள். நம்முடைய மாடுகளிடம் போய் அதைச் சொல்லுங்கள். கிரான் வீதியில் படுத்திருக்கிற மாடு எஞ்சின் சத்தம் கேட்டால்தான் எழும்பும். என் கார் பூனை மாதிரிப் போய் அதன் மூக்கடியில் நிற்கும். அது அசை போட்டபடி என்னைப் பார்க்கும். நான் இறங்கிப்போய்க் கெஞ்ச வேண்டும்.

பிறகு பெற்றோல் இல்லாத காலம் வந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில். பெற்றோல் ஷெட் வாசலில் தொடங்கிய வரிசை பாலம் கடந்து நிற்கும். ஆட்கள் வாகனத்துக்குள்ளேயே சமைத்து, சண்டை பிடித்து, உறவாகி, அங்கேயே கிடந்தார்கள். அந்த வரிசைக்குப் பக்கத்தால் நான் சத்தமில்லாமல் ஓடிப் போவேன். மிக்சி என்றவர்கள் எல்லாம் 'மயிலண்ணன்' என்று மரியாதையாக ஃபோன் எடுத்தார்கள். எனக்குத் தலைக்கனம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? ஊரில் ஓடுகிற ஒரே ஹயர் கார் என்னுடையது.

அந்தத் தலைக்கனத்தைக் கரண்ட் வெட்டு வந்து இறக்கிவைத்தது. எண்ணெய் வாங்க வழியில்லாத நாட்டில் கரண்ட் மட்டும் எங்கிருந்து வரும் என்று நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. என் காருக்குப் பின்னால் புகைக்குழாய் இல்லைத்தான். அது எங்கேயோ தூரத்தில், எனக்குத் தெரியாத ஒரு இடத்தில் புகை விட்டுக்கொண்டு நின்றது. அங்கே எண்ணெய் முடிந்ததும் இங்கே என் காரும் முடங்கியது. அவர்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றார்கள். நான் வீட்டில் பிளக்கைக் குத்திவைத்துவிட்டு விளக்கு எப்போது எரியும் என்று பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். அவர்களுக்காவது கதைக்க ஆள் இருந்தது.

நான் சொல்ல வந்த கதை அந்தக் காலத்தில் நடந்தது.

கிரானில் சின்னப்பிள்ளை அக்கா என்று ஒருவர். வயல் வட்டையில் நல்ல காணி உள்ளவர், புருசன் இல்லை, ஒரே மகன் சசி. அவனுக்கு மாங்கேணியில் ஒரு சம்பந்தம் பேசி, பெண் பார்க்கப் போக நாள் வைத்துவிட்டார். டீசல் இல்லாமல் உழவு மெசின் தறப்பாளுக்குள் கிடந்தது. அதனால் என் காரைப் பிடித்தார்கள். முதல் நாள் கரண்ட் சரியாக வராததால் பற்றரி நிரம்பவில்லை. போய்விடலாம், பெண் வீட்டில் கொஞ்சம் குத்திவைத்தால் திரும்பியும் வரலாம் என்று கணக்குப் போட்டேன்.

நாவலடிச் சந்தியால் மாங்கேணிப் பக்கம் கிறுகியதும் சொன்னேன்.

"அக்கா, ஏசியைக் கொஞ்சம் நிப்பாட்டுவமா? சார்ஜ் குறைவாக் கிடக்கு."

"என்ன தம்பி கதைக்கிற? பட்டுச்சீலை உடுத்திருக்கன். வேர்த்து ஒழுகிப் போய் இறங்கினா பொம்பிளை வீட்டார் என்ன நினைப்பாங்க? வேலைக்காரி வாறா எண்டா?"

"கண்ணாடியைத் திறந்தா கடல் காத்து வரும் அக்கா."

"கடல் காத்து தலைமயிரக் கலைக்கும். நீ போடு."

சசி பின்சீற்றில் இருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வாயே திறக்கவில்லை. பெண் பார்க்கப் போகிற பிள்ளை அன்று கதைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் ஏசியைப் போட்டேன்.

மாங்கேணியில் போய் இறங்கும்போது டாஷ்போர்ட்டில் பாதிக்கும் குறைவான கோடுகள் நின்றன. பெண்ணின் தகப்பன் நல்ல மனிதர். பிளக் கேட்டதும் யன்னலால் வயரை இழுத்துத் தந்தார். கார் கரண்ட் குடிப்பதைப் பார்க்க அயலட்டை எல்லாம் வேலியோடு வந்து நின்றது. உள்ளே மாப்பிள்ளையைப் பார்ப்பாரும் இல்லை, பெண்ணைப் பார்ப்பாரும் இல்லை. சின்னப்பிள்ளை அக்காவுக்கு அதுவே முதல் கோபம். தேத்தண்ணி வந்தது. காணி பூமிக் கதை தொடங்கியது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கரண்டை வெட்டிவிட்டார்கள்.

அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இந்தத் தம்பிர காரு வீட்டுக் கரண்டையெல்லாம் குடிச்சு முடிச்சுப் போட்டுது."

அந்த நேரம்தான் கிருபைராசா ஓடி வந்தார். அவர் பக்கத்து வளவு, கடற்தொழில் செய்கிறவர். மேலில் சட்டை இல்லை, ஒரு கையில் பொலித்தீன் பை. அவருடைய மனைவி நேசம் மரமுந்திரிகைக் காட்டுக்குள் விறகு பொறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு மட்டக்களப்புக்குப் போயிருந்தது. ஊரில் இருந்த மோட்டார் சைக்கிள் ஒன்றிலும் பெற்றோல் இல்லை.

"என்ன பாம்பு?" என்று கேட்டேன்.

"புடையன். அடிச்சுக் கொண்டுவந்திருக்கன்" என்று பையைத் தூக்கிக் காட்டினார்.

நேசத்தை ஆட்கள் கதிரையோடு தூக்கி வந்தார்கள். முகம் வெளிறி இருந்தது. கால் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. நான் வயரைக் கழற்றிவிட்டு டாஷ்போர்ட்டைப் பார்த்தேன். வரும்போது இருந்ததை விட ஒரே ஒரு கோடுதான் கூடியிருந்தது. வாழைச்சேனை ஆசுப்பத்திரி வரைக்கும் அது காணுமா என்று எனக்குத் தெரியாது. அங்கே நின்று யோசிக்கவும் ஏலாது, ஏனென்றால் வேறு வாகனம் இல்லை.

கிருபைராசா கயிற்றை எடுத்துக் காலில் இறுக்கிக் கட்டப் போனார். அப்போது உள்ளே இருந்து மணப்பெண் இறங்கி வந்தாள். அவளுடைய பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். சிவப்புச் சீலை, தலை நிறையப் பூ. கயிற்றை அவருடைய கையிலிருந்து வாங்கி எறிந்தாள்.

"கட்டக்கூடாது மாமா. கால் அசையாமக் கிடந்தாக் காணும். ஏத்துங்க, நான் பிடிச்சுக்கொண்டு வாறன்."

பின்சீற்றில் நேசத்தைச் சாய்த்து, காலை நீட்டிவைத்து, தான் காலடியில் மடங்கிக் குந்திக்கொண்டாள். சின்னப்பிள்ளை அக்கா வாசலுக்கு வந்துவிட்டார்.

"பொம்பிளை எங்க கா போறா?"

"மாமி, வந்து கதைக்கிறன். நீங்க தேத்தண்ணியக் குடியுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனது என் தொழிலில் அந்த ஒரு முறைதான். வாசலில் நின்ற அக்காவின் முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதற்குப் பிறகு கண்ணாடியையே பார்க்கவில்லை.

கிருபைராசா முன்சீற்றில். பாம்புப் பை என் காலடிக்கும் அவருடைய காலடிக்கும் நடுவில். செத்த பாம்புதான் என்று அவர் சத்தியம் செய்தார். குழியில் கார் விழுந்தபோதெல்லாம் பை அசைந்தது. ஓட்டுகிறவனுக்குக் கவனம் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்கிறார்கள் அல்லவா? என் கவனத்தில் பாதி அந்தப் பையிலேயே இருந்தது.

நான் மிதித்து ஓடினேன். அந்த நிலைமையில் யாரும் அதைத்தான் செய்வார்கள். வீதி வெறுமை. மின்சாரக் கார் மிதித்தால் பறக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடுகளும் பறந்தன. காயான்கேணி தாண்டுவதற்குள் ஒன்று போனது, பிறகு இன்னொன்று. நான் பெற்றோல் காரில் வளர்ந்த ஆள். அவசரம் என்றால் கால் தானாக அழுத்தும்.

பின்னாலிருந்து அவள் கேட்டாள். "அண்ணன், அந்தக் கோடெல்லாம் என்ன?"

"ஒண்டுமில்ல புள்ள. போயிரலாம்."

"போயிரலாமா, போயிருவம் எண்டு நினைக்கிறீங்களா?"

ஸ்டாண்டில் எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. நோயாளியை ஏற்றினால் சொந்தக்காரருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பயப்படாதீங்க, இந்தா வந்துட்டம், கண்ணுக்குத் தெரியுது. அதெல்லாம் வாய்க்கு வந்த கதை. அந்தப் பிள்ளைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"இந்த ஓட்டம் ஓடினா நாவலடிக்கு முன்னால நிண்டுரும்" என்றேன். "மெதுவாப் போனா ஓட்டமாவடிப் பாலம் மட்டுக்கும் இழுக்கும். சில வேளை ஆசுப்பத்திரி மட்டுக்கும். அதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டன்."

"அப்ப மெதுவாப் போங்க."

காலை எடுத்தேன். கார் நடக்கத் தொடங்கியது.

இதை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். விசம் ஏறிக்கொண்டிருக்கிற ஒரு மனுசி பின்னால் கிடக்கிறாள். புருசன் பக்கத்தில் இருக்கிறார். வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. நான் மாட்டு வண்டில் மாதிரிப் போகிறேன். கிருபைராசா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு வீதியைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"என்ன அண்ணன் செய்யிறீங்க? அடிச்சு ஓடுங்க."

"ஓடினா நிண்டுரும் தம்பி."

"நிக்கட்டும், நிக்கிற மட்டும் ஓடுங்க. இது என்ன, செத்த வீட்டுக்கா போறம்?"

அவர் டாஷ்போர்ட்டில் கையால் அடித்தார். நேரம் பார்த்து ஒரு ஆள் சைக்கிளில் எங்களை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் தலையை உள்ளே விட்டு, "காரு பழுதா?" என்று கேட்டார். கிருபைராசா அவருக்குச் சொன்ன பதிலை மலரில் போட முடியாது.

பின்னாலிருந்து அவள்தான் கதைத்தாள். சத்தம் போடவில்லை. "மாமா, நாவலடிக்கு முன்னால நிண்டா மாமியத் தூக்கிக்கொண்டு ஓடுவீங்களா? ஓடினா கால் ஆடும். ஆடினா விசம் ஏறும். அண்ணன ஓட விடுங்க."

கிருபைராசா கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய கால் இல்லாத அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே இருந்தது. ஆசுப்பத்திரி வரைக்கும் மிதித்தார்.

ஏசி இல்லை. நான்கு கண்ணாடியும் திறந்து அனல் அடித்தது. நேசம் ஒருமுறை மட்டும் வாய் திறந்து, "கறி அடுப்பில கிடக்கு" என்றாள். கிருபைராசா அழத் தொடங்கினார்.

அவள் அடுத்துக் கேட்டாள். "அண்ணன், வாழைச்சேனையில உங்களுக்குத் தெரிஞ்ச ஆரிட்டயாவது எண்ணெய் இரிக்குமா?"

எனக்கு ஒரே பெயர்தான் தெரிந்தது. தவராசா ஓட்டமாவடி ஷெட்டில் டீசல் வரிசையில் கிடந்தான். நாங்கள் மாங்கேணிக்குப் போவதற்கு முதல் நாளே அங்கே போய்ப் பாயோடு படுத்தவன். வரிசையில் முன்னுக்கு வந்துவிட்டதாகக் காலையில்தான் ஃபோனில் பெருமையடித்தான். அவனுடைய வானில் அடியில் கொஞ்சம் டீசல் இருக்கும். வரிசையை விட்டு வெளியே வந்தால் அந்த இடம் போய்விடும். அதைக் கேட்க என் வாய் வரவில்லை. கார் நின்ற பிறகு கேட்கலாம் என்று நினைத்தேன். அவள் ஃபோனை வாங்கித் தானே எடுத்தாள்.

"தவராசா அண்ணனா? மயிலண்ணன்ட காரில இருந்து கதைக்கிறன்."

அவன் சத்தமாகக் கதைக்கிறவன். எனக்கும் கேட்டது. "மிக்சி நிண்டுட்டா?"

"இன்னும் நிக்கல. நிக்கப் பாக்குது. பாம்பு கடிச்ச ஆள் உள்ள கிடக்கு. நாவலடிக்கு வர ஏலுமா?"

அவன் பாயைச் சுருட்டினான்போல ஒரு சரசரப்பு. பிறகு வான் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது.

தம்பிமாரே, நான் இத்தனை வருசம் ஓடியவன். நின்ற பிறகு உதவி கேட்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நிற்கும் முன் கேட்கலாம் என்று எனக்குக் காட்டித் தந்தது பெண் பார்க்க வந்த இடத்தில் மணப்பெண்ணாக நின்ற ஒரு பிள்ளை. எனக்குக் குரு என்று சொல்ல ஒரே ஆள் என்றால் அவள்தான். அவளுக்கு அப்போது கார் ஓடவே தெரியாது.

நாவலடி கண்ணுக்குத் தெரியும் முன் கோடுகள் எல்லாம் போய்விட்டன. அவற்றின் இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஆமை படம். ஜப்பான்காரன் பற்றரி முடியும்போது காட்டுவதற்கு வைத்திருக்கிற அடையாளம் அது. அந்த விளக்கு எரிந்தால் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் கார் கேட்காது. ஊர்ந்துதான் போகும். கிருபைராசா அதைப் பார்த்தார்.

"அது என்ன, ஆமையா?"

"ஓம்."

"ஆமைய என்னத்துக்குக் காருக்குள்ள போட்டவனுகள்?"

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் அடக்கவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு நேசத்தின் காலைத் தடவிக்கொடுத்தாள்.

சந்தியில் தவராசாவின் வான் மினுங்குகிற ஹசாட் விளக்குப் போட்டு நின்றது. கிருபைராசா நான் நிறுத்தும் முன்பே கதவைத் திறந்தார். மனைவியை வானில் ஏற்றச் சொன்னார். நான் இறங்கி தவராசாவிடம் போனேன்.

"உன்ட எவ்வளவு ஓடும்?"

"எண்ணெய் ஊசி அடியில படுத்திற்று. ஆண்டவனுக்குத்தான் தெரியும். உன்ட?"

"ஆமை எரியுது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவனுடைய எண்ணெய் முதலில் முடியுமா, என்னுடைய கரண்ட் முதலில் முடியுமா? யாருக்கும் தெரியாது. மாற்றி ஏற்றினால் நேசத்தின் கால் ஆடும், நேரம் போகும், பிறகு வான் நின்றாலும் நிற்கும். நான் முடிவு எடுத்தேன். அவன் முன்னால் ஹோன் அடித்துக்கொண்டு போகட்டும். என் கார் எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் மாற்றுவோம். கிருபைராசா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. அது கோபம் இல்லை. ஒரு ஆளைக் கொலைகாரன் என்று முடிவு கட்டியவன் பார்க்கிற பார்வை.

தவராசா ஹோனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. நாங்கள் அவனுக்குப் பின்னால் ஊர்ந்தோம். சந்தையில் நின்றவர்கள் ஏதோ கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள். பின்சீற்றில் பூ வைத்த மணப்பெண் வேறு தெரிந்தாள். சிலர் கை அசைத்தார்கள்.

ஓட்டமாவடிப் பாலத்துக்கு ஏறுகிற மேடு பெரிய மேடு இல்லை. நீங்கள் அதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள். அன்றைக்கு எனக்கு அது மலையாகத் தெரிந்தது. மேட்டின் பாதியில் கார் திணறியது. பக்கத்தில் பெற்றோல் வரிசை. வாரக்கணக்கில் என்னைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்த அதே முகங்கள். தவராசா தலையை வெளியே நீட்டி, "பாம்பு கடிச்ச ஆள், தள்ளுங்கடா" என்று கத்தினான்.

அவர்கள் கேள்வி கேட்கவில்லை. ஓட்டோக்காரர், மீன் வியாபாரி, பள்ளிக்கூட வாத்தியார், சாரத்தை மடித்துக் கட்டிய ஆட்கள், தொப்பி போட்ட ஆட்கள், எல்லோரும் வரிசையை விட்டு ஓடி வந்தார்கள். பெற்றோல் இல்லாமல் கிடந்தவர்கள் பெற்றோல் வேண்டாத காரைக் கையால் தள்ளிப் பாலத்தில் ஏற்றினார்கள். மறுபக்கம் கார் தானாக உருண்டது. உருண்டபோது கொஞ்சம் கரண்டைத் தானே பிடித்துக்கொண்டது. அது மின்சாரக் காரின் ஒரு நல்ல குணம். அந்தக் கொஞ்சத்தில்தான் ஆசுப்பத்திரி வாசலுக்குள் போனோம். எனக்கு முன்னால் உள்ளே போன தவராசாவின் வான் வாசலுக்கு உள்ளே போய் இருமிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு அது அசையவில்லை.

நேசத்தை உள்ளே கொண்டுபோனார்கள். கிருபைராசா பையை அங்கிருந்த பணியாளரிடம் நீட்டினார். அவர் மருந்து ஏதோ என்று நினைத்துத் திறந்து பார்த்தார். பிறகு அவரைத் தேட வேண்டியிருந்தது.

டொக்டர் சின்னப் பொடியன். பாம்பைப் பார்த்து, காலைப் பார்த்து, ஊசி ஏற்றச் சொன்னார். வெளியே வந்து கிருபைராசாவிடம், "கட்டுப் போடாம, ஆட்டாம அசைக்காமக் கொண்டுவந்தது நல்லது" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். கிருபைராசாவின் காதில் அது விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

காவலாளி வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிற வாகனங்களை எடுக்கச் சொன்னார். எடுக்க ஏலாது என்றோம். காருக்குப் பிளக் ஒன்று தர முடியுமா என்று கேட்டேன். உள்ளே ஓடுவது டீசல் ஜெனரேற்றர், அது நோயாளிகளுக்கு என்றார். அவர் சொன்னது நியாயம். புகை இல்லாத கார் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்த நான், புகை விடுகிற மெசினிடம் பிச்சை கேட்டுக்கொண்டு நின்றேன். தவராசாவும் நானும் இரண்டையும் ஓரமாகத் தள்ளினோம். வரிசையில் அவனுடைய இடம் போய்விட்டது. திரும்பக் கடைசியில் போய் நிற்க வேண்டும், அதுவும் வானை ஆள் வைத்துத் தள்ளி. அவன் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் நடந்து போனான். அதற்குப் பிறகு ஸ்டாண்டில் பல நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை. மிக்சி என்றுகூடச் சொல்லவில்லை.

பொழுது படும் நேரம் ஆசுப்பத்திரி வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சசி. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, மேலெல்லாம் வேர்வை. பெண்ணின் தகப்பனிடம் சைக்கிள் வாங்கி மாங்கேணியில் இருந்து மிதித்து வந்திருக்கிறான். அன்று முழுக்க அவன் கதைத்த முதல் வார்த்தையை நான் அப்போதுதான் கேட்டேன்.

அவளிடம் போய், "அந்த அம்மாக்கு எப்படி இரிக்கு?" என்றான்.

"ஊசி ஏத்தியாச்சு. பாக்கோணும்" என்றாள். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கட அம்மா?" என்று கேட்டாள்.

"அங்கதான். திரும்பி வர வாகனம் இல்ல. உங்கட அம்மாவோட சேந்து கறி வைக்கிறா."

சின்னப்பிள்ளை அக்கா அன்று இரவு மாங்கேணியில் தங்க வேண்டியதாயிற்று. சீதனக் கதை கதைக்க வந்தவர், அந்த வீட்டுப் பாயில் படுத்து, அந்த வீட்டு மாற்றுச் சீலை உடுத்து எழும்பினார். அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை என்று கேள்வி. கல்யாணத்துக்கு என் காரைக் கூப்பிடவில்லை. நான் குறை நினைக்கவில்லை.

நேசத்துக்குச் சிறுநீரகத்தில் சிக்கல் வந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். நெடுநாள் அங்கே கிடந்தாள். பிழைத்து வந்தாள். இப்போதும் கொஞ்சம் நொண்டுவாள், ஆனால் விறகுக்குப் போகிறாள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. எடுக்கலாமா? எடுங்கள். புகையை வீட்டு வாசலில் விடாமல் தூரத்தில் விடுவதும் ஒரு நன்மைதான், உங்கள் பிள்ளை இருமாது. கூரையில் சோலார் போட முடிந்தால் போட்டுப் பகலில் ஏற்றுங்கள். இப்போது வெயில் நேரம் கரண்ட் கூடிப்போய்ச் சோலாரை நிறுத்தச் சொல்கிற நாளும் வருகிறது. அதே நாடு இரவில் எண்ணெய் எரிக்கிறது. நீங்களோ பகல் முழுக்க ஓடிவிட்டு இரவில்தான் பிளக் குத்துவீர்கள். இதை யார் சரிப்படுத்துவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஹயர் ஓடியவன். பழைய பற்றரியை என்ன செய்வது என்றும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. என்னுடையது பின்வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடக்கிறது. புவனம் அதன்மேல் பூச்சட்டி வைத்திருக்கிறாள்.

எந்தக் காரை எடுத்தாலும் ஏறியிருக்கிற ஆளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு ஓடும், எங்கே நிற்கும், உங்களுக்கு என்ன தெரியாது, எல்லாவற்றையும். சில வேளை அவர்கள் உங்களை விட நல்ல முடிவு எடுப்பார்கள். சரியான முடிவு எடுத்துவிட்டால் நன்றி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நேசம் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கிருபைராசா ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் பெரிய பாரை மீன், அன்று காலையில் பிடித்தது. நான் எழும்பி நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தவராசாவிடம் மீனைக் கொடுத்தார்.

"நீங்க வந்து ஹோன் அடிச்சு வழி எடுத்துத் தந்தபடியாத்தான் அவ உயிரோட இரிக்கா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "இவரு கோயிலுக்குப் போற மாதிரி ஓடினவரு."

நான் விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்து அவ்வளவு தூரமும் இல்லாத அக்சிலேற்றரை மிதித்த மனிதனிடம் என்ன விளக்கத்தைச் சொல்ல? தவராசா மீனை வாங்கினான். அவனுக்கு ஒரு சொட்டு வெட்கமும் இல்லை.

பின்னேரம் அவனுடைய மகள் ஒரு சட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா தரச் சொன்னார் என்றாள். திறந்து பார்த்தேன். மீனில் பாதி. வால் பக்கம்.

தலைப் பக்கத்தை அவன் வைத்துக்கொண்டான். புவனம் வால் பக்கத்தை மாங்காய் போட்டு ஆக்கினாள். முள் இருந்தது, கறி நன்றாக இருந்தது.